ஹாப்ஸ் கொடியும் கவாத்துக் காலமும்

ஏப்ரல் பிறந்ததும் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்திலும் அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் வீட்டுக் கொல்லையில் ஹாப்ஸ் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் வந்து சேரும். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த தூரிலிருந்து செவ்வூதா நிறத்தில் கொழுத்த தளிர்கள் கிளம்பும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் உயரம் வந்துவிடும். செடியிலேயே வாளிப்பானவை அவைதான். அவற்றை அடியோடு வெட்டிவிட்டு, அடுத்து வரும் மெலிந்த தளிர்களுக்காகக் காத்திருப்பது பண்ணைக்காரர்களின் வழக்கம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கூம்புகளுக்காக வளர்க்கும் கொடியில், வலுவானதை வெட்டி நோஞ்சானை ஏற்றுவது என்ன கணக்கு என்று புதிதாக வளர்ப்பவர் கேட்பது நியாயமே. வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய அரசு 1978இல் சட்டப்படி அனுமதித்த பிறகு, இப்படி இரண்டு மூன்று கொடி வைத்திருக்கும் வீடுகள் உருவாயின. 2007–08இல் ஹாப்ஸ் தட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது இந்த ஆர்வம் இன்னும் கூடியது. அவர்கள் கையில் கிடைத்த அறிவுரை முழுக்கப் பண்ணைகளிலிருந்து வந்தது: முதல் தளிரை வெட்டு, கயிற்றில் ஏற்றும் கொடிகளை எண்ணி நிறுத்து, அடியிலைகளை உருவு, அறுவடையில் கொடியோடு அறு. பல ஏக்கரில் எந்திரம் ஓடும் பண்ணைக்குப் பொருந்துவது, வேலி ஓரத்து மூன்று கொடிக்கும் பொருந்துமா? சில பொருந்தும், சில பொருந்தாது. எது பொருந்தும் என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. செடியின் உருவத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ செய்யும் வேலை என்று கவாத்தைப் பார்க்கிறவரை குழப்பம் தீராது. ஹாப்ஸ் கொடியைப் பொறுத்தமட்டில் கவாத்து என்பது நாள் குறிக்கும் வேலை. கொடி எந்த வாரம் ஏறத் தொடங்குகிறது, எந்த வாரம் உச்சியைத் தொடுகிறது, எந்த வாரம் வரை இலையோடு நிற்கிறது என்பவற்றை வளர்ப்பவர் கத்தரியால் தீர்மானிக்கிறார்.

கொடியின் இயல்பை முதலில் பார்த்துவிடுவோம். ஹாப்ஸ் கஞ்சாக் குடும்பத்துச் செடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. கூம்பு தருவது பெண். மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் ஆண்டுதோறும் பட்டுப்போகும். கீழே தூரும், மஞ்சள் கிழங்குபோலப் பக்கவாட்டில் ஓடும் கிழங்குகளும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். பாகல், புடலை போலப் பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. தண்டின் விளிம்புகளில் கொக்கியாக வளைந்த முரட்டு மயிர்கள் உண்டு. அவற்றால் கொழுகொம்பைக் கவ்விக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் ஏறும். எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் தானே அவிழ்ந்து விழுந்துவிடும். இந்தச் சொரசொரப்பே கயிறு எது என்பதையும் தீர்மானிக்கிறது. வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கின் பண்ணைகள் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுவது இலங்கையிலிருந்து கப்பலில் போகும் தென்னை நார்க் கயிறு. வழவழப்பான நைலானில் கொடிக்குப் பிடிப்பில்லை. கூம்பு கட்டிக் கனம் ஏறிய பின் ஒரு காற்றடித்தால் சரிந்து இறங்கிவிடும். தளிரைக் கயிற்றில் ஏற்றுவதற்கும் கைப்பக்குவம் வேண்டும். காலையில் நீர் ஏறி விறைத்திருக்கும் நுனி தொட்டால் பட்டென்று முறியும். வெயில் ஏறிச் சற்றுத் துவண்ட பிறகு சொன்னபடி வளையும். நுனி முறிந்த கொடி அதோடு நின்றுவிடும். கீழ்க்கணுவிலிருந்து கிளை புறப்பட்டுத்தான் ஏற்றத்தைத் தொடர வேண்டும். அதற்குள் பல நாள் வீணாகியிருக்கும். முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கினால் முன்கை கீறிச் சிவந்து தடித்துப்போகும்.

இந்தக் கொடி எப்போது பூக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஹாப்ஸ், பகல் குறுகும்போது பூக்கும் இனம். கென்ட்டின் வை கல்லூரியிலிருந்து தாமஸ், ஷ்வாபே இருவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதில் இரண்டு நிபந்தனைகளைப் பிரித்துக் காட்டியது. முதலாவது, கொடி ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக் கணுக்களை விட்டுப் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாவது, அப்போது பகலின் நீளம் அந்த ரகத்துக்குரிய வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் கூடும் நாளில் இலைக்குப் பதில் பூ புறப்படும். யாக்கிமாவில் ஜூன் 21 அன்று பகல் 16 மணி நேரத்தை நெருங்குகிறது. கென்ட்டில் பதினாறரை மணியை ஒட்டிப் போகிறது. அந்த நீண்ட பகல் கொடியைப் பூக்கவிடாமல் ஏறிக்கொண்டே இருக்கச் செய்கிறது; உச்ச வேகத்தில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதும் உண்டு. அமெரிக்கப் பந்தல் ஏறத்தாழ 5.5 மீட்டர், ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் 7 மீட்டர். ஜூன் 24, யோவான் திருநாளுக்குள் கொடி பந்தல் உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்பது ஹாலர்டாவ் உழவர்களின் பழைய கணக்கு. பகல் நீளம், ஒளிக்காலம் என்றெல்லாம் ஆய்வாளர்கள் பேசத் தொடங்கும் முன்பே அவர்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். உச்சியைத் தொட்ட கொடி பக்கக் கிளைகளை விரிக்கிறது, ஜூலையில் அந்தக் கிளைகளில் பூக்கிறது, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அறுவடை.

உலகின் ஹாப்ஸ் பெரும்பாலும் 35 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடைப்பட்ட அட்சரேகைகளில் விளைவதற்குக் காரணமும் இதுவே. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. அங்கே நட்ட கொடி போதிய கணு விட்டதுமே, ஆள் உயரம் வரும் முன்பே பூக்கப் பார்க்கும். குளிர் இல்லாததுதான் தடை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பாவர்ல் 2019இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்கால உறக்கம் இல்லாமலேயே ஹாப்ஸ் பூக்கும், பகல் நீளமும் கணு எண்ணிக்கையுமே தீர்மானிப்பவை என்று காட்டியது. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் பகுதியில் முன்பே விளக்குப் போட்டுப் பகலை நீட்டினார்கள். பிரேசிலில் இப்போது அதையே செய்கிறார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் விளக்கு வெளிச்சத்தோடு ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுக்கிறார்கள். ஒரு பயிர் முடிந்ததும் தரையோடு வெட்டுகிறார்கள், மறுபயிர் கிளம்புகிறது. அங்கே வெட்டு என்பது அடுத்த பருவத்தின் தொடக்க நாள், அவ்வளவுதான்.

இதைக் கொண்டு ஏப்ரல் தளிருக்குத் திரும்பினால் பண்ணைக்காரர் வழக்கத்தின் நியாயம் தெரிகிறது. முதலில் வந்த தளிரை அப்படியே ஏற்றிவிட்டால் மே மாதத் தொடக்கத்திலேயே அது கணுக் கணக்கை நிறைவு செய்துவிடும். அப்போது யாக்கிமாவில் பகல் பதினாலரை மணி நேரத்துக்குள்தான். கொடி அதைக் குறுகும் பகல் என்று எடுத்துக்கொண்டு அரும்பு வைக்கத் தொடங்கும். பகல் நீண்டதும் மீண்டும் இலைக்குத் திரும்பும். கோடை கழிந்ததும் மறுபடி பூக்கும். ஆகஸ்டில் ஒரே கொடியில் பழுத்துப் பழுப்பேறிய கூம்பும் பிஞ்சும் கலந்து தொங்கும். கூம்பின் இதழடியில் மஞ்சள் தூளாகத் திரளும் லூபுலின்தான் ஹாப்ஸின் மதிப்பு. அது முற்றும் நாளும் கூம்புக்குக் கூம்பு வேறுபட்டால் எந்த நாள் பறித்தாலும் பாதி வீண். முதல் தளிர் விஷயத்தில் இன்னொரு குறையும் சொல்வார்கள்: உள்ளே கூடாக இருக்கும், காற்றில் எளிதில் முறியும், கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். ஹாப்ஸில் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை, இரண்டு கிளை. ஒரு பேச்சுக்கு, 5 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு கணு என்றால் முப்பத்திரண்டு கிளை. 20 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் ஐம்பது. கூம்பு தொங்குவது கிளையில்தான் என்பதால், மெலிந்து நெருக்கமாகக் கணு விடும் இரண்டாம் தளிரே லாபம். இந்தக் கணு வாதத்தைவிட நாள் வாதம் வலுவானது என்பது என் கணிப்பு. கணு இடைவெளி ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் மாறும். பகல் நீளம் அட்சரேகைக்கு அட்சரேகைதான் மாறும்.

மூன்று மறுப்புகள் எழும். ஒன்று, இங்கிலாந்தின் வேலிப் புதர்களில் காட்டு ஹாப்ஸ் யாரும் கவாத்து செய்யாமலே காய்த்துத் தொங்குகிறதே என்பது. தொங்குவது உண்மைதான். ஆனால் அது வெயில் படும் மேற்புறத்தில் மட்டும் காய்க்கும். உள்ளே இலையும் காய்ந்த தண்டுமாகக் குப்பை அடைந்திருக்கும். பல நாள் இடைவெளியில் முற்றும் கூம்புகளைக் கூடையில் சேர்த்து எடைபோட யாரும் நிற்பதில்லை. செடி வம்சத்தைத் தொடர அது போதும், பறிப்பவருக்குப் போதாது. பொன்னிற இலைக்காக வளர்க்கும் அலங்கார ஹாப்ஸுக்கும், வெறும் நிழலுக்காகப் படரவிடுவதற்கும் இந்த மறுப்பு அப்படியே பொருந்தும். அங்கே யாரும் கத்தரியைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. ஸ்காட்லாந்து, மினசோட்டாவின் வடபகுதி போன்ற இடங்களில் வசந்தம் தாமதமாக வந்து கோடை சீக்கிரம் முடிகிறது. அங்கே முதல் தளிரை வெட்டினால் இரண்டாம் தளிர் உச்சியைத் தொடும் முன்பே பகல் குறுகிவிடும். ஆகவே அங்குள்ளவர்கள் முதல் தளிரையே ஏற்றுவது சரி. விதி அங்கே தோற்கவில்லை. ஜூன் கடைசியில் கொடி உச்சியில் இருக்க வேண்டும் என்ற அதே நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வெட்டுவதற்கு அவகாசம் இல்லை என்பதே விடையாக வரும். மூன்றாவது, முதலாண்டுச் செடி. அதன் வேரில் சேமிப்பே இல்லை. ஒவ்வொரு இலையும் வேருக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் தளிரை வெட்டுவது அநியாயம். முதல் ஆண்டு எதையும் வெட்டக் கூடாது, எல்லாவற்றையும் படரவிட வேண்டும் என்பதில் பண்ணைக்காரருக்கும் வீட்டாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

பூக்கும் நாள் என்ற காரணத்தை ஒருவர் பொருட்படுத்தாவிட்டாலும், நோய் என்ற காரணத்தை ஒதுக்க முடியாது. ஹாப்ஸைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் 1905இல் ஜப்பானில் முதலில் பதிவாயிற்று. 1920இல் இங்கிலாந்தில் தென்பட்டது. சாம்பல் நோய் 1997இல் யாக்கிமாவுக்குள் நுழைந்தது. இரண்டும் தூரின் மொட்டுகளுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத் தளிரோடு சேர்ந்து வெளியே வருகின்றன. அடிச்சாம்பல் பிடித்த தளிரை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். நீண்டு வளைய வேண்டிய தளிர் குட்டையாக விறைத்து நிற்கும். கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நெருங்கியிருக்கும். வெளிறிய மஞ்சள் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். இலையைத் திருப்பினால் அடியில் கருமை கலந்த சாம்பல் பூஞ்சணம். ஈரமான ஓர் இரவு போதும், அங்கிருந்து வித்துகள் மேலே உள்ள இலைக்கும் பிற்பாடு கூம்புக்கும் போய்விடும். அமெரிக்க வேளாண் துறையின் டேவிட் ஜென்ட்டும் உடன் ஆய்வாளர்களும் ஆரிகன், வாஷிங்டன் பண்ணைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, வசந்தக் கவாத்து எவ்வளவு முழுமையோ அவ்வளவுக்கு இந்த நோய்களின் தீவிரம் குறைவதைக் காட்டியது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் முழுமை. பேருக்கு நாலு தளிரைக் கிள்ளிவிட்டு ஓரத்தில் பச்சையை விட்டுவைத்தால் வெட்டியும் பயனில்லை. மிஞ்சிய பச்சையில் நோய் தங்கிவிடும். மூன்று கொடிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். மூன்றே கொடி வைத்திருப்பவர் மருந்து அடிக்க விரும்புவதில்லை, எந்த மருந்து எப்போது என்று கணக்கு வைத்திருப்பதும் இல்லை. மருந்தில்லாத தோட்டத்துக்குக் கத்தரிதான் முதல் மருந்து. மேலும் வித்துக்கு வேலி தெரியாது. வாஷிங்டன் மாநிலத்துக்குள் வெளியிலிருந்து ஹாப்ஸ் கிழங்கு கொண்டுவரத் தனிக் கட்டுப்பாடு இருப்பது வீட்டுக் கொல்லையையும் மனத்தில் வைத்துத்தான். வெட்டியதெல்லாம் வீண் என்றும் வருந்த வேண்டாம்: பெல்ஜியத்தின் போப்பரிங்கே வட்டாரத்தில் மண் மூடி வெளுக்க வைத்த ஹாப்ஸ் தளிர் வசந்தத்தின் விலையுயர்ந்த காய்கறி, வெனிஸ் பக்கம் காட்டுத் தளிரை முட்டையோடும் அரிசியோடும் சமைக்கிறார்கள். நோயில்லாத தளிர் என்றால் வெட்டிய கையோடு வாணலியில் போடலாம்.

எத்தனை கொடியை ஏற்றுவது என்பதில் வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆகப் பெரிய விவாதம் நடத்துகிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு கனம் தெரியவில்லை. பண்ணை வழக்கம் ஒரு தூருக்கு இரண்டு கயிறு, கயிற்றுக்கு இரண்டு அல்லது மூன்று கொடி. அதற்கு மேல் விட்டால் கொடிகள் ஒன்றையொன்று நிழலில் தள்ளும். கீழ்ப்பாதியில் கிளை வராது, நடுவே ஈரம் நின்று நோய்க்கு இடமாகும். நாலு கொடிக்குப் பதில் ஆறு விட்டால் ஒவ்வொன்றின் கிளையும் சற்றுக் குறுகும், மொத்தக் கூம்பு ஏறக்குறைய அதேதான். பதினைந்து விட்டால்தான் தொல்லை. உயரம் அப்படியில்லை. 1574இல் ஆங்கிலத்தின் முதல் ஹாப்ஸ் கைந்நூலை எழுதிய ரெனால்ட் ஸ்காட் காலத்தில் நெடுங்கழிகளை நட்டார்கள். இன்று வீட்டுக்காரர் கூரை விளிம்பிலிருந்து கயிறு தொங்கவிடுகிறார். 2 மீட்டர் வேலியில் கேஸ்கேட் போன்ற உயரமான ரகத்தை ஏற்றினால் அது ஜூன் முதல் வாரத்திலேயே உச்சிக்கு வந்து, மீதி நாட்களைத் தன்மேலேயே சுருண்டு கழிக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். நுனியைக் கிள்ளினால் கிளை வரும், ஆனால் பூக்கும் நாள் முன்னால் வராது. வந்த கிளைகள் கொடிபோல நீண்டு இன்னும் நெருக்கடியைத்தான் கூட்டும். அதற்குப் பதில் கயிற்றைச் சாய்வாகக் கட்டி நீளத்தைக் கூட்டலாம். படுக்கையாகக் கட்டினால் கொடி தானே போகாது, இரண்டு நாளுக்கு ஒருமுறை கையால் திருப்பிவிட வேண்டும். இடமே இல்லாதவர்களுக்கு வை கல்லூரி 1990களில் வெளியிட்ட ஃபர்ஸ்ட் கோல்ட் போன்ற குட்டை ரகங்கள் உண்டு, அவை 2.4 மீட்டர்ப் பந்தலுக்கென்றே உருவானவை, கணு நெருக்கமாக விடுபவை. உயரமான ரகத்தைக் கத்தரியால் குட்டையாக்க முயல்வதைவிட ரகத்தை மாற்றுவது மேல்.

அடியிலைகளை உருவும் வேலையிலும் நாள்தான் முக்கியம். கொடி உச்சியைத் தொட்ட பிறகு கீழே ஒரு மீட்டர் வரை இலைகளையும் கிளைகளையும் நீக்கினால் காற்றோட்டம் கிடைக்கும். மண்ணிலிருந்து தெறிக்கும் நீரோடு நோய் ஏறாது. கீழிலையிலிருந்து மேலே பரவும் செஞ்சிலந்திக்கும் ஏணி இல்லாமல் போகும். அதையே மே மாதத்தில், கொடி பாதி ஏறியிருக்கும்போது செய்தால் நஷ்டம். ஏறும் காலத்தில் வேரின் சேமிப்பு கரைந்து அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரம் செடியைத் தாங்குவது இலை மட்டுமே. வெயில் காய்ந்து ஈரம் நிற்காத யாக்கிமா போன்ற இடத்தில் இரண்டு கொடி வைத்திருப்பவர் இந்த வேலையை விட்டேவிடலாம். கென்ட்டிலும் ஆரிகனின் மழைப் பகுதியிலும் விடக் கூடாது.

கடைசி விதியை வீட்டுத் தோட்டக்காரர் தயங்காமல் மீறலாம். பண்ணையில் ஆகஸ்ட், செப்டம்பரில் கொடியைக் கயிறோடு அறுத்து எந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். எந்திரம் நிற்கும் இடத்துக்குக் கொடி போயாக வேண்டும் என்பது தவிர அதற்குத் தாவரக் காரணம் ஏதும் இல்லை. செடிக்கோ பூத்த நாள் முதல் இலை உதிரும் நாள் வரை வேரில் மாவுச்சத்து சேரும் காலம். பச்சையாக நிற்கும் கொடியைத் தரையோடு அறுத்தால் அந்தச் சேமிப்பு பாதியில் நின்று, மறுவசந்தத்தின் தளிர் மெலிந்து வரும். இதை அறிந்த பண்ணைக்காரர்களும் அடியில் கொஞ்சம் விட்டுத்தான் அறுக்கிறார்கள். கையால் பறிக்கும் வீட்டாருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உச்சியில் ஒரு கப்பி வைத்துக் கயிற்றைக் கட்டியிருந்தால், கொடியை முறிக்காமல் இறக்கிக் கூம்பைப் பறித்துக்கொண்டு மறுபடி ஏற்றிவிடலாம். முற்றியதை இந்த வாரம், பிஞ்சை அடுத்த வாரம் என்று இரண்டு தவணையாகப் பறிக்கும் வசதியும் அதில் உண்டு. உறைபனி விழுந்து இலை கருகிய பிறகு தரைக்கு ஒரு சாண் மேலே வெட்டி, நோய் கண்ட கொடிகளைத் தோட்டத்தைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். மற்றவற்றைத் தென்னை நார்க் கயிறோடு சேர்த்தே மட்கக் குவிக்கலாம்; நைலான் கட்டியவர்கள் மட்டும் உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டியிருக்கும்.